பஞ்சின் இடது கால்

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, டிப்போவில் வைத்தது. அவர் பிரேக் போட்டால் நிற்கிற பயணி கம்பியைப் பிடிக்க வேண்டாம். மடியில் தூங்கும் குழந்தை கண் விழிக்காது. பஸ் நின்றதே தெரியாமல் உட்கார்ந்திருந்து, அது மறுபடி கிளம்பிய பிறகு "ஐயோ, நம்ம ஸ்டாப்!" என்று அலறி, அவரிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. பஞ்சுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். தலை பாதி நரைத்தும், டிப்போவில் எந்தப் புது டிரைவர் சேர்ந்தாலும் முதலில் அவர் பஸ்ஸில்தான் ஏற்றி அனுப்புவார்கள். "அண்ணன் காலைப் பாரு, முகத்தைப் பாக்காதே" என்று சொல்லி அனுப்புவார் கண்டக்டர். முகம் அப்படி ஒன்றும் பார்க்கிற மாதிரி இருக்காது என்பதும் அதில் சேர்த்தி.

அப்பேர்ப்பட்டவருக்கு இசை என்றால் இரண்டே வகை. சத்தமானது ஒன்று, சத்தம் கம்மியானது ஒன்று. அவர் போய் ஒரு பியானோ டீச்சரைக் கட்டிக்கொண்டார் என்றால், அதற்கும் அந்தக் கால்தான் காரணம். டீச்சர் அப்போது தினமும் அவர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, இசைத்தாளை மடியில் விரித்துப் பென்சிலால் குறி போட்டுக்கொண்டு வருவார். ஒருநாள் இறங்கும்போது, "உங்க பஸ்லதாங்க எனக்குக் கோடு நேரா வருது" என்றார். பஞ்சு பதிலுக்கு ஹாரனை அடித்துவிட்டார். எதிரே வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். கல்யாணம் வரை போன பேச்சு அங்கே தொடங்கியதுதான்.

ஊரே டீச்சர் என்று கூப்பிட்டதால் பஞ்சும் டீச்சர் என்றே கூப்பிடப் பழகிவிட்டார். டீச்சருக்கோ 'பஞ்சு' என்ற பெயரே பிடிக்காது. தலையணைக்குள் அடைக்கிற சாமானின் பெயரைப் புருஷனுக்கு வைப்பார்களா என்பார். கோபம் வந்தால் மட்டும் "டிரைவர் சார்" என்பார். இரண்டு அறை வீடு. முன்னறைச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு அந்த நெட்டுக்குத்துப் பியானோ நின்றது. அதைத் தாண்டிக் குளியலறைக்குப் போக வேண்டுமானால் பஞ்சு வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் நகர வேண்டும். படிக்க வரும் பிள்ளைகள் தப்பும் தவறுமாக வாசிக்க, உள்ளறையில் குறட்டை விட்டுத் தூங்கப் பழகியிருந்தார். அந்தப் பெட்டிக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் நிம்மதியாக இருந்தார்.

மழை நாளில் மாடிப்படியில் டீச்சர் வழுக்கி விழுந்தார். வலது முட்டி நொறுங்கிவிட்டது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. "தொடை நல்லா இருக்கு, முட்டியும் மடங்கும். அதுக்குக் கீழ உணர்ச்சி வர்றது கஷ்டம்" என்றார் டாக்டர். கைத்தடி பிடித்து நடக்கிற அளவுக்கு வந்தபின், டீச்சர் முதல் வேலையாகப் பியானோ முன்னால் போய் உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கிப் பெடல் மேல் வைத்தார். பாதம் தொப்பென்று விழுந்தது, பெடல் அடிமட்டத்தில் இடித்து டமார் என்றது, பாதம் சறுக்கி இரண்டு பெடல்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டதே அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இடது காலால் முயன்று பார்த்தார். உடம்பு திருகிக்கொண்டது, உடம்போடு கையும் திருகிக்கொண்டது. மூடியைச் சாத்திவிட்டு அழுதார். டீச்சர் அழுது பஞ்சு அதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வருஷா வருஷம் டீச்சரிடம் படிக்கிற பிள்ளைகள் ஊர்ப் பொது ஹாலில் ஒரு மாலை வாசிப்பார்கள். கடைசியில் டீச்சர் ஒரு நிதானமான பாட்டு வாசித்து முடிப்பார். அந்த மாலை நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சரின் தங்கை, நல்ல மனசுக்காரிதான், ஆனால் எதிலும் ஒரு அவசரம், வந்து நலம் விசாரித்தாள். விசாரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துப் பியானோவின் நீள அகலத்தை அளந்தாள். "சும்மா கிடந்தா பூச்சி அரிச்சிடும்க்கா. எங்க வீட்டு ஹால்ல சரியா உக்காரும்" என்றாள்.

டீச்சர் மறுப்பேதும் சொல்லவில்லை. அதுதான் பஞ்சை உலுக்கிவிட்டது. யோசிக்காமல் வாயைத் திறந்தார்.

"காலுதானே வேணும்? எங்கிட்ட ரெண்டு இருக்கு."

தங்கை சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். படியில் விழுந்த பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பஞ்சின் பக்கம் திரும்பினார்.

"சரிங்க. நான் கையால வாசிக்கறேன், நீங்க காலால வாசிங்க. ஆனா ஒண்ணு. அன்னைக்கு மேடையில அசிங்கமாச்சுன்னா, அதோட மூடினது மூடினதுதான். தங்கச்சி வண்டி கொண்டுவரட்டும்."

சொன்ன வார்த்தையை டீச்சர் மாற்றுகிறவர் இல்லை. பஞ்சு பியானோ இல்லாத முன்னறையை நினைத்துப் பார்த்தார். குளியலறைக்கு நேராக நடந்து போகலாம். அதை நினைத்ததும் அவருக்கு வந்தது அழுகைதான்.

டீச்சருக்கு வலப்பக்கம் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டுப் பஞ்சு உட்கார்ந்தார். அங்கிருந்து பெடலுக்கு எட்டுவது அவருடைய இடது கால். டீச்சரின் வலது கால் வழியில் இருந்தது. அதை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி, மடக்கி, பெஞ்சுக்குக் கீழே ஒரு குட்டித் தலையணை மேல் வைத்தார். இந்த ஒரு வேலையை மட்டும் அவர் முதல் நாளிலிருந்தே குறை சொல்ல முடியாதபடி செய்தார்.

மற்றதெல்லாம் கோளாறு. வலது பெடலை அமுக்கினால் சத்தம் கூடுகிறது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். அவர் அறிந்த வண்டியில் வலது கோடியில் இருப்பது ஆக்ஸிலேட்டர். பாட்டு உருக்கமாகப் போகும்போது உணர்ச்சிவசப்பட்டு மிதித்தார். மிதித்ததை எடுக்கவும் இல்லை. ஒலிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சந்தைக்கடை இரைச்சலாகிவிட்டது.

"எடுங்க, எடுங்க!"

"இப்பதானே நல்லா கேக்குது?"

"எல்லாம் ஒண்ணா கேக்குது. ஒண்ணும் கேக்கலை."

பஞ்சு திருதிருவென்று விழித்தார். எல்லாம் கேட்டால் எப்படி ஒன்றும் கேட்காமல் போகும்?

டீச்சர் பொறுமையாக விளக்கினார். பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விளக்கம்தான். "நான் அடுத்த சுரத்துக்குக் கை வெக்கறப்ப உங்க கால் மேல வரணும். புதுச் சத்தம் வந்த அப்புறம் கால் கீழ போகணும். அப்பதான் ரெண்டும் ஒட்டும், கலங்காது."

"மாத்தறப்ப அமுக்கணும். அவ்ளோதானே?"

"இல்லைங்க. மாத்தறப்ப எடுக்கணும். மாத்தின அப்புறம் அமுக்கணும்."

"அதெப்படி? மாத்தறப்ப காலை எடுத்தா கியர் உடைஞ்சிடும்."

"இதுல கியர் இல்லை."

"கால்ல இருக்கே!"

உண்மைதான், இருந்தது. அந்த இடது கால் வாழ்நாளெல்லாம் செய்தது ஒரே வேலை. மாற்றுவதற்கு முன்னால் அமுக்கு, மாற்று, பிறகு விடு. பியானோ கேட்பதோ அப்படியே தலைகீழ். டீச்சரின் கை அடுத்த சுரத்துக்கு நகரப்போகிறது என்று கண்ணில் பட்ட மறுகணமே அந்தக் கால் கிளட்சை மிதிப்பதாக நினைத்து மிதித்துவிடும். பழைய சுரமும் புதுசும் கலந்து சேறாகும். புதுசு வந்து சேர்ந்ததும் கால் மெதுவாக, வெகு அழகாக, பஞ்சு மாதிரி விட்டுவிடும். நீள வேண்டிய ஒலி அங்கே சட்டென்று அறுந்துபோகும். ஒட்ட வேண்டிய இடத்தில் குழப்பம், ஓட வேண்டிய இடத்தில் வெட்டு. வேண்டுமென்றே கெடுத்தால்கூட இவ்வளவு கச்சிதமாகக் கெடுக்க முடியாது.

ஸ்டூலைத் திருப்பிப் போட்டு வலது காலால் முயன்றார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக் காதால் கேட்டு அமுக்கிப் பார்த்தார். காது வந்து சேருவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. டீச்சர் முழங்கையால் இடித்துச் சொல்லிப் பார்த்தார். இடித்ததும் "என்ன?" என்று கேட்டாரே தவிர, காலை எடுக்கவில்லை.

போதாக்குறைக்கு அந்தத் தலையணை. பாட்டு ஒரு பக்கம் போவதற்குள் நழுவி நழுவி பெஞ்சுக்கு வெளியே வந்துவிடும், டீச்சரின் காலும் அதோடு முன்னால் சரியும். பஞ்சு குனிந்து காலைத் தூக்கி, தலையணையை உள்ளே தள்ளி, மறுபடி வைப்பார். உறை வழுவழுப்பாக இருக்கிறது என்று சொரசொரப்பான உறையாக மாற்றினார். அதற்கும் நழுவியது. கால் வலிக்குமே என்ற கவலையில் ஒருநாள் தலையணையை பெஞ்சுக் காலோடு கயிறு போட்டுக் கட்டினார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குச் சட்டென்று வந்தது. "இங்க பாதி அமுக்குங்க. முழுசா போகக் கூடாது, மேலயும் வரக் கூடாது" என்றார் டீச்சர். பஞ்சு காலை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். மேட்டில் வண்டியைப் பின்னால் உருளவிடாமல் பிடித்து நிற்கிறவருக்கு அது என்ன பெரிய காரியம்? ஒலி கலங்காமலும் வறளாமலும் மெல்லிய புகையாக நின்றது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். "இந்தக் காலுக்கு மென்மை இருக்கு. நேரம்தான் இல்லை" என்றார். பாராட்டா திட்டா என்று பஞ்சுக்கு விளங்கவில்லை.

அந்த மாலைக்கு முன் ஒருநாள் வீட்டுப் பியானோவைச் சுருதி சேர்க்க ஒரு பெண் வந்தாள். கடகடவென்று பேசுகிறவள். முன்பலகையைக் கழற்றி வைத்தவுடன் பஞ்சு எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போன பெட்டிக்குள் இப்படி ஒரு தொழிற்சாலை இருப்பது அவருக்குத் தெரியாது.

"ஒவ்வொரு கம்பி மேலயும் ஒரு கம்பளித் துண்டு சாஞ்சிருக்கு பாருங்க, அது வாயைப் பொத்தற கை" என்றாள் அவள். "ஒரு கட்டையை அமுக்கினா அந்தக் கம்பிக்கு மட்டும் கை விலகும், குட்டிச் சுத்தியல் ஒண்ணு வந்து அடிக்கும். விரலை எடுத்தா திரும்பப் பொத்திடும். இப்ப வலது பெடலை அமுக்குங்க."

அமுக்கினார். கம்பளித் துண்டுகள் மொத்தமும் ஒரே நேரத்தில் கம்பிகளை விட்டுப் பின்வாங்கின.

"இப்ப எல்லாக் கம்பியும் வாயைத் திறந்திருக்கு. உள்ள பாத்து ஏதாவது கத்துங்க சார்."

பஞ்சுக்குச் சட்டென்று வேறெதுவும் வாயில் வரவில்லை. "ஓரமா போ!" என்று கத்தினார். கத்தி முடித்த பின்னும் பெட்டிக்குள்ளிருந்து "ஓஓஓ" என்று அவர் குரலே மெலிதாகத் திரும்பி வந்தது. காலை எடுத்தார், நின்றுவிட்டது.

"யாருமே அடிக்கலையே?"

"அடிக்காத கம்பியும் கூடச் சேந்து பாடும் சார். அதுக்குத்தான் இந்தப் பெடல். சத்தம் கூட்டறதுக்கு இல்லை."

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நடுப் பெடல் என்ன செய்யும் என்று பஞ்சு வாயைக் கொடுத்தார். இந்தப் பியானோவில் நடுப் பெடல் கம்பிக்கும் சுத்திக்கும் நடுவே ஒரு கம்பளித் திரையை இறக்கும், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்கலாம் என்றாள். ஹாலில் இருக்கிற, நீளமாகப் படுத்த பெரிய பியானோவில் நடுப் பெடல் அந்த வேலை செய்யாது. அப்போது விரல் அமுக்கியிருக்கிற சுரங்களை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாள். இடது பெடலும் அப்படித்தான். இதில் சுத்திகளைக் கம்பிக்குக் கிட்டே கொண்டுவந்து சத்தத்தைக் குறைக்கும், அதில் மொத்தக் கட்டைகளும் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும் என்றாள்.

"நகருமா? பியானோவா?"

"கட்டைங்க மட்டும். மூணு கம்பி வாங்கற அடியை ரெண்டு கம்பி வாங்கும், சத்தம் சாதுவாயிடும்."

பஞ்சுக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன அநியாயம்? எந்த பஸ்ல ஏறினாலும் பிரேக் பிரேக்தான். ஒரே இடத்துல இருக்கிற பெடல் வண்டிக்கு வண்டி வேற வேற வேலை செஞ்சா, ஊர்ல ஒருத்தன் உயிரோட இருப்பானா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வலது பெடல் மட்டும் எல்லாப் பியானோவிலும் ஒன்றுதான், கவலைப்படாதீர்கள் என்றாள். பஞ்சு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் தலைக்குள் கலங்கலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டில் கலங்கியது போதாது என்று டிப்போவிலும் கலங்கியது. மாற்றும்போது எடு, மாற்றிய பின் அமுக்கு என்று முணுமுணுத்து முணுமுணுத்து, ஒரு காலை நேர நெரிசலில் இடது கால் உண்மையிலேயே பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொண்ட இடம்தான் தப்பு. கியரை மாற்றும்போது கிளட்சை விட்டுவிட்டது. கரகரவென்று பல்லைக் கடிக்கும் சத்தம். பஸ் குலுங்கி நின்றது. கம்பியைப் பிடிக்கிற பழக்கமே இல்லாத அவருடைய வாடிக்கைப் பயணிகள் சீட்டுக்கட்டு சரிவது மாதிரி சரிந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

கண்டக்டர் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அண்ணே, இன்னிக்குப் பஞ்சுக்குள்ள கல்லு இருக்குண்ணே."

டிப்போ மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"பியானோ சார்."

மேலாளர் லீவு போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார். பஞ்சு வீட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இப்போது கால் பஸ்ஸுக்கும் உதவவில்லை, பியானோவுக்கும் உதவவில்லை. ஊரில் தனக்கென்று பெயர் வாங்கிக்கொடுத்த ஒரே உறுப்பு அது. அதைக் குனிந்து பார்த்து, "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார். அடுக்களையிலிருந்து டீச்சர், "யார்கூடப் பேசறீங்க?" என்றார்.

"யார்கூடயும் இல்லை."

அந்த மாலையும் வந்தது. ஹாலில் பிள்ளைகள், பெற்றவர்கள், பின்வரிசையில் விசில் அடிக்கத் தயாராகக் கண்டக்டர். முன்வரிசையில் தங்கை. கைப்பை மடியில் இருந்தது. அதற்குள் டேப்பும் இருக்கும் என்று பஞ்சு நினைத்துக்கொண்டார். பிள்ளைகள் வாசித்து முடித்தார்கள். டீச்சர் கைத்தடியோடு மேடையேறினார். பின்னால் பஞ்சு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு. ஸ்டூலோடு ஆள் வருவதைப் பார்த்துப் பியானோவைப் பழுது பார்க்க வந்தவர் என்று சிலர் நினைத்திருக்கக்கூடும்.

உட்கார்ந்த பிறகுதான் தலையணையை வீட்டிலேயே, கட்டிய கயிற்றோடு, விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. வேறு வழியில்லை. டீச்சரின் காலைத் தூக்கி, மடக்கி, பெஞ்சுக்குக் கீழே வெறும் தரையில் வைத்தார். பளபளவென்று தேய்த்த மரத்தரை.

"ரெடியா?" என்றார் டீச்சர், உதடு அசையாமல்.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு டீச்சர் தொடங்கினார்.

முதல் மாற்றத்திலேயே கால் கிளட்சை மிதித்தது. ஒலி சேறானது. பெரிய ஹால் அந்தச் சேற்றை நாலு பக்கமும் அள்ளி வீசியது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். இரண்டாவது மாற்றத்தில் பயந்துபோய் எடுத்தார், எடுத்ததைத் திரும்ப வைக்க மறந்தார். சுரங்கள் வறட்டு வறட்டு என்று தனித்தனியாக விழுந்தன. அந்த நேரம் பார்த்து டீச்சர் தன் இடது காலால் இடது பெடலைத் தொட்டார். பஞ்சின் கண்ணெதிரே கட்டைகள் மொத்தமும் வலப்பக்கம் நகர்ந்தன. சுருதிப் பெண் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. உடைத்துவிட்டோம் என்றே நினைத்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. டீச்சரின் முகத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார், கண்ணோரம் நனைந்திருந்தது. தங்கச்சி வண்டி கொண்டுவரட்டும் என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டது பஞ்சுக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

அப்போது பெஞ்சுக்கு அடியிலிருந்து டீச்சரின் வலது கால் வழுவழுத் தரையில் சறுக்கி முன்னால் வந்தது. எழும்பி, தொப்பென்று பஞ்சின் இடது கால் மேல் விழுந்தது.

எடுத்து உள்ளே வைக்கப் பஞ்சின் கை தானாக நீண்டது. பாட்டின் நடுவில் குனிந்தால் ஸ்டூலோடு கவிழ வேண்டியதுதான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மேலே விழுந்த காலோ சும்மா இருக்கவில்லை, அழுத்தியது. அதன் பாரத்தில் அவர் காலும், கீழே பெடலும் இறங்கின. டீச்சரின் கைகள் அடுத்த சுரத்துக்கு நகர்ந்தன. நகர்ந்த அதே நொடி, மேலிருந்த பாரம் எழும்பியது. பெடலின் வில் அவர் காலைத் தள்ளி மேலே தூக்கியது. புதுச் சுரம் சுத்தமாக வந்தது. பாரம் மறுபடி இறங்கியது.

பஞ்சுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கால் கடைசியில் பாடம் கற்றுக்கொண்டதா? இல்லையே, அது ஒன்றும் செய்யவில்லையே. பியானோ தானாக வாசிக்கிறதா? இன்னொரு மாற்றம் வந்தது. பாரம் எழும்பியது, இறங்கியது. இன்னொன்று. அப்போதுதான் உறைத்தது. டீச்சரின் பாதம்தான் செயலற்றது; தொடைக்கு ஒன்றுமில்லை. அந்தத் தொடை, பழக்கத்தில் டீச்சருக்கே தெரியாமல், தன் வேலையை ஒருநாளும் நிறுத்தவே இல்லை. வீட்டில் தலையணை நழுவியது உறையால் இல்லை. வாசிக்கத் தெரிந்த காலை, வலிக்குமே என்று பாசமாகத் தூக்கி, பெஞ்சுக்குக் கீழே தள்ளி, கயிறு வேறு கட்டி வைத்திருந்தார் அவர்.

வெட்கத்தில் முகம் சுட்டது. ஆனால் வெட்கப்பட அது நேரமில்லை. பஞ்சு ஓட்டுவதை நிறுத்தினார். எப்போது என்று பார்ப்பதை விட்டார், கேட்பதை விட்டார், எண்ணுவதையும் விட்டார். மேலே இருக்கிற கால் சொன்னபடி கேட்டார். அது தொப்பென்று விழும்போது மட்டும், பிரேக் போடுகிற பதத்தில் கீழிருந்து தாங்கி மெதுவாக இறக்கினார். பாதி அமுக்க வேண்டிய இடம் வந்தது. அந்தப் பாதத்துக்குப் பாதி தெரியாது, முழுசாக அழுத்தியது. பஞ்சு அடியில் பிடித்து, பாதியில் நிறுத்திக்கொடுத்தார். ஹாலில் அந்த ஒலி கலங்காமல், வறளாமல் நின்றது. இசை இரண்டு வகைதான் என்று நம்பியிருந்த மனுஷனுக்கு மூன்றாவது வகை ஒன்று கேட்டது.

கடைசிச் சுரம். டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். கால் மட்டும் பஞ்சின் கால் மேல் பாரமாகக் கிடந்தது. அதனால் பஞ்சும் எடுக்கவில்லை. ஒலி தேய்ந்து தேய்ந்து கேட்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வந்தபின், பின்வரிசையில் கண்டக்டரின் விசில் கிழித்தது. கைதட்டல் எழுந்தது.

டீச்சர் திரும்பினார். முகமெல்லாம் ஆச்சரியம். "எப்படிங்க? நடுவுல திடீர்னு எப்படி வந்துச்சு? எடுக்கறது, வெக்கறது, எல்லாம் அப்படியே நான் நினைச்ச மாதிரியே!"

"நான் ஒண்ணும் பண்ணலை."

"சும்மா சொல்லாதீங்க. பின்ன யாரு பண்ணது?"

பஞ்சு பேந்தப் பேந்த விழித்தார். இவருக்குத் தெரியாதா? பிறகுதான் ஞாபகம் வந்தது. முட்டிக்குக் கீழே எது நடந்தாலும் இவருக்குத் தெரியாதே.

"கீழ பாரு" என்றார்.

டீச்சர் குனிந்து பார்த்தார். தன் வலது பாதம் அவர் செருப்பின் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தொடையைக் கொஞ்சம் தூக்கினார். கீழே பாதம் எழும்பியது. இறக்கினார். பஞ்சின் கால் தாங்கி வாங்கிக்கொண்டது, பெடல் சத்தமில்லாமல் இறங்கியது. மறுபடி தூக்கி இறக்கினார். அடிக்காத கம்பிகளெல்லாம் கைதட்டலை வாங்கி உள்ளுக்குள் முனகின.

"ஆரம்பத்துலேர்ந்தே நீதான்" என்றார் பஞ்சு. "நான்தான் அதைத் தூக்கித் தூக்கி ஓரமா வெச்சிட்டேன்."

முன்வரிசையில் தங்கை எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள். கைப்பை கீழே விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று பிள்ளைகள் கத்தினார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டைகளின் பக்கம் திரும்பினார். கை வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் பஞ்சு பழக்க தோஷத்தில் குனிந்து, அந்தக் காலைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினார்.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க" என்றார். "அது அங்கயே இருக்கட்டும்."